ஊர்வாய் வானொலியின் முதல் நேயர்

ஊர்வாய் வானொலியின் இருபதாண்டு வரலாற்றை எழுதப் புகும் எவரும் தொலைபேசி இயக்குநர் கொன்ஸ்ரன்ரைனை ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். அது பெரும் அநியாயம். கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், பல் வைத்தியர் ஒருவரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் பிறந்த அந்த நிலையம், பிறந்த அன்றே கண்ணை மூடியிருக்க வேண்டியது. காப்பாற்றியவர் அவர்தான்.

முதல் நாள் காலை "சொல்லுங்கோ, கேட்கிறோம்" நிகழ்ச்சி தொடங்கியது. அறிவிப்பாளர் இலக்கத்தை நான்கு தடவை சொன்னார். பதினொரு நிமிடம் ஒரு காக்காய்கூட அழைக்கவில்லை. பாட்டே போடுவதில்லை, பேச்சு மட்டும்தான் என்று சுவரொட்டி அடித்த நிலையம். அவசரத்துக்கு ஒரு பாட்டும் கைவசம் இல்லை. முதலாளி வியர்க்க விறுவிறுக்கத் தொலைபேசி அறைக்கு ஓடிவந்து, "நீயே நேயர் மாதிரிக் கதை" என்றார். கொழும்புத் தமிழ் பேசும் கொட்டாஞ்சேனைக்காரரான கொன்ஸ்ரன்ரைன், ரிசீவரில் கைக்குட்டையைச் சுற்றி, வெள்ளவத்தைக் கடைகளில் கேட்டுப் பழகிய யாழ்ப்பாணத் தமிழில், ஓய்வுபெற்ற ஆசிரியர் நாகேந்திரமாக அவதரித்தார். பஸ் தரிப்பிடத்தில் தலையில் எச்சமிடும் காகங்களைப் பற்றி ஆறு நிமிடம் முறைப்பட்டார். நிலையம் பிழைத்தது.

பிறகு உண்மையான நேயர்கள் வந்தார்கள். ஆனால் நாகேந்திரம் மாஸ்டர் போகவில்லை. கொன்ஸ்ரன்ரைன் வீட்டில் வாய் திறந்தால் மனைவி தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவார்; அலுவலகத்திலோ அவருக்குப் பிறர் பேச்சை இணைத்துவிடும் உத்தியோகம். நாட்டுக்குச் சொல்லவேண்டிய புத்திமதிகள் அவரிடம் நிறைய இருந்தன. எனவே திங்கள்தோறும் மாஸ்டர் வந்தார், புத்திமதி சொன்னார், ஊர் தலையாட்டியது.

முதலாளி இரகசியத்தையும் எடுத்துக்கொண்டு கனடா போனார். புதிதாக வந்த முகாமையாளர் ஸீனத், இருபதாவது ஆண்டு விழாவில் முதல் நேயருக்குப் பொன்னாடை போர்த்துவதென்று முடிவெடுத்தார்.

"மாஸ்டர எப்படிசரி கூட்டிட்டு வாங்க, கொன்ஸ்ரன்ரைன். ஒங்களுக்குத்தானே அவரத் தெரியும்."

மாஸ்டருக்குச் சுகமில்லை என்றார் இவர். வாகனம் அனுப்புவதாக ஸீனத் சொன்னார். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள் என்றார். அப்படியானால் வார்ட் இலக்கத்தைக் கேளுங்கள், ஹோர்லிக்ஸ் போத்தலோடு எல்லோரும் போவோம் என்றார் ஸீனத். நேயர்களை ஏமாற்றியது வெளியே வந்தால் வேலை போகும். ஐம்பத்தாறு வயதுத் தொலைபேசி இயக்குநரை எடுக்கக் கொழும்பில் வேறு இடமில்லை. மூன்று நாள் சோறு இறங்காமல் யோசித்த பிறகு, மாஸ்டரைக் கொன்றுவிடுவதென்று தீர்மானித்தார்.

அங்கேதான் தொழில் அவரைக் கவிழ்த்தது. நிலையத்தின் மரண அறிவித்தல் படிவங்களை நிரப்புபவரும் அவரே. கிரியை எங்கே, எத்தனை மணிக்கு என்று இல்லாத மரணத்தை ஊர்வாய் ஏற்காது. அப்படி வந்த எத்தனையோ பேரை அவரே திருப்பி அனுப்பியிருக்கிறார். கை தன்பாட்டுக்கு எழுதியது: புதன்கிழமை பிற்பகல் மூன்று மணி, பொரளை கனத்தை மயானம். வேலைநாளில் யார் வரப்போகிறார்கள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

வந்தவர்கள் அறுபது பேருக்குக் குறையாது. ஸீனத் மலர்வளையம் ஒன்றைக் கொடுத்து, அறிவிப்பாளன் லவனையும் கொன்ஸ்ரன்ரைனையும் நிலையத்தின் சார்பில் அனுப்பியிருந்தார். பூதவுடலைக் காணோம் என்று சனம் வெயிலில் தவித்தது. பொறுமையிழந்த நாலைந்து பேர் பக்கத்தில் நடந்த ஒரு சிங்களக் குடும்பத்தின் இறுதிக்கிரியையில் மாலையைப் போட்டு, கைகூப்பி, துக்கமும் விசாரித்துவிட்டு வந்தார்கள். நேரத்தைப் பிழையாக வாசித்துவிட்டதாக மற்றவர்கள் லவனைப் பிடித்துக்கொண்டார்கள்.

கொன்ஸ்ரன்ரைன் ஒரு மரத்தடியில் ஒதுங்கினார். வெள்ளைச் சேலை கட்டிய, எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா அங்கே வந்தார். பெயர் நாகேஸ்வரி, வெள்ளவத்தை.

"நீங்கள் ரேடியோ ஆக்களோ, தம்பி?"

அவர் தலையாட்டினார்.

நாகேஸ்வரி சண்டைக்கு வரவில்லை. போன வருடம் தான் பதினான்கு திங்கட்கிழமை ஊர்வாய்க்கு அழைத்த கதையைச் சொன்னார். அவர்கள் ஒழுங்கையில் ஒரு கழிவுநீர்க் கான் மூடியில்லாமல் கிடந்ததாம். வானொலியில் சொன்னால் மாநகரசபைக்காரருக்குச் சுடும் என்று எடுத்தாராம். ஒவ்வொரு முறையும் ஒருவர், லைன் பிஸி, பிறகு எடுங்கோ என்று சொல்லி வைத்துவிடுவாராம்.

"பிறகு எங்கட இவர் அதுக்குள்ள விழுந்திட்டார். இடுப்பு முறிஞ்சது. படுத்தவர் எழும்பேல்லை. அந்தக் கிடையில அவருக்கு மாஸ்டற்ர குரல்தான் துணை. இவர் உயிரோட இருந்திருந்தால் வந்திருப்பார் எண்டுதான் நான் வந்தனான்."

அந்தப் பதினான்கு திங்களும் மாஸ்டர் எதைப் பேசினார் என்று கொன்ஸ்ரன்ரைன் நினைத்துப் பார்த்தார். பெரும்பாலும் காகங்கள். நடுவில் ஒரு வாரம் பேக்கரிப் பாண் மெலிந்துபோனது பற்றி. வேலை, விழா, ஸீனத் எல்லாம் எங்கோ தூரப் போயின.

"அம்மா, நாகேந்திரம்னு ஒருத்தர் இல்ல. நான்தான் அந்தக் குரல்ல பேசினது."

 அந்த அம்மா அழவுமில்லை, ஏசவுமில்லை.

"அப்ப, லைன் பிஸி எண்டு சொன்னதும் நீர்தானோ?"

மாஸ்டரின் ஓம் என்பதா, தன்னுடைய ஆமா என்பதா என்று தெரியாமல் அவருடைய வாய் திறந்தபடியே நின்றது. அவருக்குப் பின்னால், மலர்வளையத்தைத் தோளில் மாட்டியபடி வந்து நின்ற லவன், கைபேசியில் ஸீனத்தின் இலக்கத்தை அழுத்திக்கொண்டிருந்தான்.