தேனீப் பெட்டியும் அக்கா ஏற்ற பழியும்

அக்கா நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டாகிறது. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால், எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு பயம்தான் வந்து நிற்கிறது. நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. இதைப் படிக்கும் உங்களுக்கெல்லாம் அது தெரிந்ததுதான்.

மஸ்கெலியாப் பக்கத் தோட்டமொன்றில் மூத்தவராகப் பிறந்தவர் அக்கா. பெற்றோர் அடுத்தடுத்துக் காலமாக, தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து பறித்து என்னைப் படிக்க வைத்தார். கல்யாணப் பேச்சு எடுத்தவர்களிடம், "தங்கச்சி படிச்சு முடிக்கட்டும், பாப்போம்ங்க" என்றே சொல்லிவந்தார். எங்கள் லயத்து வீட்டுத் திண்ணையான இஸ்தோப்பின் ஓரத்தில் அவர் வளர்த்த தேனீப் பெட்டி ஒன்றுதான் அவருக்கென்று இருந்த ஆசை.

பாலர் பாடசாலையில் எனக்கு வேலை உறுதியான வாரம், பக்கத்து மலையில் குளவி கொட்டி ஒருவர் இறந்துபோனார். தோட்டமே நடுங்கிக் கிடந்தது. தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா லயத்துக்கு வந்து, "இங்க எந்தப் பூச்சியும் இருக்கக் கூடாது. இல்லாட்டி கொளுத்திருவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா கொழுந்து மலையில் இருந்தார். அவர் வரும்வரை எனக்குப் பொறுக்கவில்லை. பெட்டியின் வாசலைத் துணியால் அடைத்துத் தூக்கிப்போய், நாற்பது எட்டுத் தள்ளித் தேயிலை ஓரத்தில் வைத்தேன். துணியை உருவிவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

அரை மணிக்குள் இஸ்தோப்பு முழுக்க இரைச்சல். பூவுக்குப் போயிருந்த ஈக்கள் பழைய இடத்துக்கே திரும்பி வந்து, பெட்டியைக் காணாமல் சுற்றின. அதே இஸ்தோப்பில் பக்கத்துக் காம்பரா வீட்டு மதினியின் கைக்குழந்தை உறங்கிய தொட்டில் கயிற்றில் அப்பிக்கொண்டன. மதினி பீலியில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். பிள்ளை வீறிட்டது. கடவுளே, எனக்குக் கால் அசையவே இல்லை! பகல் சாப்பாட்டுக்கு வந்த அக்காதான் கூடையை வீசிவிட்டுப் பாய்ந்து, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துப் பிள்ளையைப் போர்த்தித் தூக்கினார். பிள்ளைக்குக் கன்னத்தில் மூன்று கொட்டு. அக்காவின் கையும் முகமும் வீங்கிப் போயின.

வீங்கிய கையோடு அவரே பெட்டியைப் பழைய இடத்தில் கொண்டுவந்து வைத்தார். ஈக்கள் உள்ளே போயின. "நாங்க கொழுந்து எடுத்துட்டு வர்றதுக்குள்ள லயத்தையே தூக்கிட்டா, நாங்க எங்கடி போவோம்?" என்று மட்டும் கேட்டார். பிறகு கண்டாக்கு ஐயாவிடம் தவணை கேட்டு, அந்திதோறும் இரண்டடி நகர்த்தி, ஒன்றரை மாதத்தில் தேயிலை ஓரத்துக்குக் கொண்டு சேர்த்தார்.

அன்று மதினி பிள்ளையை அணைத்துக்கொண்டு, "யாரு பெட்டிய எடுத்தது?" என்று அலறினார். நான் வாய் திறக்குமுன் அக்கா, "காலையில பெரட்டுல பேர் குடுக்கப் போற அவசரத்துல நான்தான் மாத்தி வச்சேன் மதினி" என்றார். நான் அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். உண்மை தெரிந்தால், இப்படிப்பட்ட டீச்சரிடம் யார் பிள்ளையை விடுவார்கள்? அதன் பிறகு மதினி அக்காவோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அக்காவுக்கு நெஞ்சுவலி வந்தபோது, அதே மதினிதான் வாகனம் பிடித்து ஹட்டன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கடைசிவரை கட்டிலருகே இருந்தார். "இப்பயாவது சொல்லிர்றேன்க்கா" என்று அழுதேன். "சும்மா இரு பாப்பா, நீ தாங்க மாட்ட" என்றார் அக்கா.

இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த உறவுகளுக்கும் தோட்ட மக்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. மதினி, உங்களுக்கு நன்றி மட்டும் சொன்னால் போதாது. பெட்டியைத் தூக்கியவள் நான். தினமும் காலையில் பாலர் பாடசாலை வாசலில், அன்று கொட்டு வாங்கிய உங்கள் மகனின் கையை என் கையில் கொடுத்துவிட்டு மலைக்குப் போகிறீர்கள். நாளைக்கும் அவனைக் கூட்டி வருவீர்களா?