மங்கையக்கா பார்த்த செடி வைத்தியம்

மங்கையக்காவிடம் மீன் கேட்டால் கிடைக்கும். பொறுமை கேட்டால் கிடைக்காது. செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு வாங்காமல் நகர்கிறவர்களைத் தெருமுனை வரைக்கும் திட்டி அனுப்புவாள். அப்பேர்ப்பட்டவளிடம் போய் ஒரு செடியை ஒப்படைத்தாள் மருமகள். பக்கத்து வீட்டுக்காரி என்ற பாவத்துக்கு, வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்ட கதையாக நானும் அதில் மாட்டிக்கொண்டேன்.

மருமகள் மோகனப்ரியா பெரம்பூர்ப் பெண். அக்கா மகன் பிரகாஷைக் கட்டிக்கொண்டு நெட்டுக்குப்பம் வரும்போதே தொட்டியில் ஒரு மணி பிளாண்ட் கொண்டுவந்தாள். பச்சை இலையில் சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளைத் திட்டுகள். ஜன்னல் கம்பியில் கொடியை ஏற்றிவிட்டு இலை இலையாகத் துடைப்பாள். அக்காவின் வாய் சும்மா இருக்குமா?

"இன்னா செடிமே இது? காய் கீதா, பூ கீதா? ரசத்துலயாவது கிள்ளிப் போடலாமா?"

வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குக் கிளம்பும்போது மோகனப்ரியா படித்துப் படித்துச் சொன்னாள். "அத்தே, வெளிச்சத்துலயே இருக்கட்டும். தண்ணி கம்மியா ஊத்துங்க. தூசியத் தொடைச்சி உடுங்க."

அக்கா காதில் கடைசி ஒன்றுதான் ஏறியது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிச் சாம்பல் வருகிறது என்று சாத்திவிட்டு, தொட்டியைக் கதவு மூலைக்குத் தள்ளினாள். தண்ணீருக்குப் பதில் மீன் கழுவின தண்ணீர். மண்ணுக்குள் இறால் தலை. வீடு நாறியது. ஊர்ப் பூனையெல்லாம் வாசலில் குடித்தனம் வைத்தன. போதாததற்கு, வெள்ளை விழுந்த இலைகளைச் சீக்கு என்று கிள்ளிக் கிள்ளி எறிந்தாள்.

"யக்கா, அந்த வெள்ளதான் அதுக்கு அயகு" என்று சொல்லிப் பார்த்தேன்.

"தேமல் அயகாமே? வந்துட்டா சொல்றதுக்கு."

கொடி என்னவோ மதமதவென்று வளர்ந்தது. இருட்டில் விட்ட துளிரெல்லாம் வெறும் பச்சை. தன் வைத்தியம் பலித்ததென்று அக்கா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டாள்.

பேரன் பிறந்தான். மூன்றாம் மாசம் அழைத்துவருவார்கள் என்று தூளிக்குக் கயிறு வாங்கி வைத்தாள். வரவில்லை. ஐந்தாம் மாசம், ஆடி கழியட்டும் என்றார்கள். ஆடி கழிந்ததும் சளி என்றார்கள். பெரம்பூர் போய்வந்து போய்வந்து ஊமையாக இருந்த பிரகாஷ் ஒருநாள் கக்கிவிட்டான்.

"இங்க சாம்பலு கொட்டுதாம்மா. கொயந்தைக்கு ஆவாதுன்றாங்க."

"நீ இங்கதானடா வளந்த? செத்தா பூட்ட?" என்று கத்தினாள் அக்கா. எனக்கும் ஆத்திரம்தான். நாங்களும் இங்கேதானே பெற்று வளர்த்தோம்.

மறுநாள் காலையில் தொட்டியோடு என் வாசலில் நின்றாள். "பெரம்பூர்லேந்து சீக்கா வந்த செடி நம்மூட்ல தேறிக்கீதா, இல்லியா? இத்தக் காட்டியே கேக்கறேன். புடிமே ஒரு பக்கம்."

இரண்டு பஸ் மாறினோம். கொடி என் கழுத்தில், இறால் நாற்றம் பஸ் முழுக்க, கண்டக்டர் வாயில் என் பரம்பரை. இந்தத் தலையெழுத்து எனக்கு எதற்கு என்று நொந்துகொண்டே போனேன்.

மோகனப்ரியா தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "அத்தே, வெள்ள எங்க?"

"கொணமாய்ட்ச்சி."

அவள் முகம் விழுந்துவிட்டது. அவள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அக்கா விடுவதாக இல்லை.

"வெள்ள போனா போவுது, எலையப் பாரு. ஒரு தூசு கீதா? காலைல ஒருவாட்டி, பொயுது சாய ஒருவாட்டி தொடைக்கறேன். ஒரு வேள உட்டாகூட சாம்பலு அப்பிக்கினு சாம்பக் கலராப் பூடும். இத்தினிக்கும் ஜன்னலு சாத்தித்தான்..."

நின்றுவிட்டாள். மங்கையக்கா பேச்சைப் பாதியில் விட்டு நான் பார்த்ததே இல்லை. சம்பந்தியம்மா என்னவோ சொல்ல வாயெடுத்தாள். மோகனப்ரியா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். எனக்கு எல்லார்மேலும் கோபமாக வந்தது. யாரைத் திட்டுவதென்றுதான் தெரியவில்லை.

அக்கா தூளியிலிருந்து பேரனை எடுத்து உச்சந்தலையை முகர்ந்தாள். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு மருமகள் கையில் கொடுத்தாள்.

"இவன் இங்கியே இருக்கட்டும். பிரகாஷையும் அனுப்பி வுடறேன்."

"கடலுக்குப் போறவன் இங்க வந்து இன்னாக்கா பண்ணுவான்?" என்றேன் நான்.

"ஆட்டோ ஓட்டட்டும், மூட்ட தூக்கட்டும். புள்ளையோட இருக்கட்டும்."

வாசல்வரை வந்த மோகனப்ரியா, அழுதுகொண்டே தொட்டியை எடுத்து நீட்டினாள். "இத்தயாவது எடுத்துனு போங்க அத்தே. நல்லா வளத்துகிறீங்க."

"நீயே வச்சிக்கோ" என்றாள் அக்கா. "என்னால தொடைச்சி மாளல."