ஐந்து நாள் லீவு

மலைமேல் நாகலூரில் எஸ்டேட் ஆபீசில் வேலை பார்க்கும் காவேரி, போன மே மாதம் இரண்டு பிள்ளைகளோடு ஷார்ஜாவிலிருக்கும் கணவன் சத்யராஜிடம் போயிருந்தாள். வெளியே அனல் என்பதால் பத்து நாளும் ஒரே அறைக்குள் பிள்ளைகள் அழுது தீர்த்தார்கள்.

இந்த வருசமும் அவன் கூப்பிட்டபோது, "வேண்டாங்க, நீங்களே ஊட்டுக்கு வாங்க" என்றாள்.

அவனுக்கு ஐந்து நாள்தான் லீவு கிடைத்தது. மலையில் கோடை விழாக் கூட்டம்; சேலத்தில் அவன் ஏறிய பஸ் மலைப்பாதையில் சுற்றுலாக் கார்களுக்குப் பின்னால் மணிக்கணக்காக நின்றது. பொழுது சாய்ந்துதான் வந்து சேர்ந்தான். சின்னவள் அவனைக் கண்டு அம்மாவின் பின்னால் ஒளிந்தாள்.

"அடுத்த வருசம் லீவுக்கு மூணு பேரும் அங்கயே வந்துருங்க" என்றான், பெட்டியைக்கூடத் திறக்காமல்.

காவேரிக்கு அந்த ஒற்றை அறை நினைவுக்கு வந்தது. யார்மேல் கோபப்படுவதென்றே அவளுக்குத் தெரியவில்லை.