நெரெய்தா தேர்ந்தெடுத்த கோடு

நெரெய்தா பெந்தன்கோர் எங்கள் அலுவலகத்தில் சேர்ந்தபோது நாற்பதைத் தாண்டியிருந்தாள். அதற்குமுன் ஒரு மருந்துக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள். மகளுக்குத் துணையாகக் கணினி நிரல் எழுதும் வகுப்புக்குப் போனாள். மகள் பாதியில் நின்றுவிட, இவள் படித்து முடித்தாள்.

தலைநகர் மொண்டெவிதேயோவின் கோயெஸ் பகுதியில், ரொட்டிக்கடைக்கு மேல்மாடியில் இருந்தோம். கைபேசிச் செயலி எழுதித் தருகிறவர்கள், மொத்தம் ஐந்து பேர். நன்றி சொல்வதில் நெரெய்தாவுக்குக் கஞ்சத்தனமே கிடையாது. பேருந்து ஓட்டுநரில் தொடங்கி, மாத்தே என்ற இலைப் பானம் குடிக்க வெந்நீர் நிரப்பித் தருகிறவர் வரை எல்லோருக்கும் சொல்வாள். “லிஃப்டு நின்னா அதுக்கும் நன்றி சொல்லுவா இவ” என்று முதலாளி வில்மார் கேலி செய்வார்.

குறைமாதக் குழந்தைகள் வார்டுக்காக ஒரு மருத்துவமனை எங்களிடம் செயலி கேட்டது. குழந்தையின் எடையை நர்ஸ் தினமும் பதிவு செய்வார்; தாய் தன் கைபேசியில் அதை வரைபடமாகப் பார்க்கலாம். வேலை நெரெய்தாவிடம் வந்தது.

வரைபடத்தை யாரும் முதலிலிருந்து எழுதுவதில்லை. வேறு யாரோ எழுதிப் பொதுவில் வைத்த நிரலை எடுத்துச் சேர்த்துக்கொள்வோம். அதைத்தான் லைப்ரரி என்போம். நெரெய்தா மூன்றை எடுத்துப் பார்த்தாள். முதலாவது கண்ணைப் பறித்தது. கோடு வழுக்கிக்கொண்டே வந்து திரையில் படரும். இரண்டாவது, செயலிக்குள் ஓர் இணையப் பக்கத்தைத் திறந்து அதில் வரையும்; பழைய கைபேசிகளில் திணறும், போன் கையைச் சுடும். மூன்றாவது வேறு நாட்டில், கொச்சபாம்பா நகரில் இருக்கும் எலிசியோ என்ற தனி ஆள் எழுதியது. பார்க்கச் சாதாரணமாக இருந்தது.

“இதுல யோசிக்க என்ன இருக்கு? முதல்ல இருக்கறதப் போடு, டாக்டருங்க வாயப் பொளப்பாங்க” என்றார் வில்மார். நெரெய்தாவும் அதையே போட்டாள். சோதித்துப் பார்க்கச் சில தாய்மாரிடம் கொடுத்தோம்.

அவர்களில் ஒருத்தி ரோசினா. வடக்கே ரிவேராவிலிருந்து வந்தவள். மகள் டெல்ஃபினா இன்குபேட்டரில். இவள் மருத்துவமனைக்கு எதிரே தாய்மார் விடுதியில் தங்கியிருந்தாள். ஒருநாள் காலை படுக்கையில் இருந்தபடியே செயலியைத் திறந்தாள். அடுத்த நிமிடம் மழையில் செருப்போடு தெருவைக் கடந்து வார்டுக்குள் ஓடினாள். அவள் போட்ட சத்தத்தில் மற்ற தாய்மார்களும் பயந்து எழுந்துவிட்டார்கள்.

நர்ஸ் மீர்த்தா எங்களைக் கூப்பிட்டாள். நானும் நெரெய்தாவும் போனோம்.

“பாப்பா நல்லாத் தூங்குது. நேத்தவிட இன்னைக்கு இருபது கிராம் கம்மி, அவ்ளோதான். நல்லா வெளிக்குப் போயிருக்கு. அந்த இருபது கிராம் டயப்பர்ல கெடக்கு” என்றாள் மீர்த்தா.

ரோசினா நனைந்த உடையோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். நெரெய்தா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“என்னம்மா பாத்தே?”

“மேலேருந்து விழுந்துச்சுக்கா. நான் பாக்கப் பாக்க, மெதுவா, அடிவரைக்கும். எம் பொண்ணு போயிட்டான்னே நெனச்சேன்.”

“பக்கத்துல இருபது கிராம்னு போட்டிருக்கே, அதப் பாக்கலியா?”

“எழுத்த யாருக்கா பாத்தா?”

அந்த லைப்ரரி, இருப்பதிலேயே அதிகமான எடையைத் திரையின் உச்சியிலும் குறைந்த எடையை அடியிலும் வைத்து, இடத்தை அழகாக நிரப்பிக்கொள்ளும். இருபது கிராம் ஒரு மலைச்சரிவாகிவிட்டது. வழுக்கி வரும் அழகுதான் அவளுக்கு விழுகிற காட்சியாகத் தெரிந்திருக்கிறது.

திரும்பியதும் நெரெய்தா கணினி முன் உட்கார்ந்து சாயங்காலம் வரை அந்த வரைபடத்தை மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு வில்மாரிடம் போய், லைப்ரரியை மாற்ற வேண்டும் என்றாள்.

“அசையறத நிறுத்திடு. அளவ நாமளே வெச்சுக்கலாம். இதுக்குப் போயி எல்லாத்தையும் மாத்தணுமா?”

“அதெல்லாம் செஞ்சு பாத்துட்டேன். எனக்குக் கோட்டுக்குப் பின்னால ஒரு பச்சைப் பட்டை வேணும். இந்த மாதிரிப் புள்ளைங்க எடை எது வரைக்கும் ஏறும், எது வரைக்கும் எறங்கும்னு காட்டற பட்டை. அதுக்குள்ள கோடு போனா அம்மா நிம்மதியா இருப்பா. முதல் லைப்ரரியில அதுக்கு எடமே இல்ல. எலிசியோவோடதுல இருக்கு.”

“ஒத்த ஆளு எழுதினதும்மா அது. நாளைக்கு அவன் விட்டுட்டுப் போயிட்டான்னா?”

“அப்ப நான் பாத்துக்கறேன்.”

வில்மார் தலையைச் சொறிந்தார். பிறகு, “சரி, செய்யி” என்றார்.

மாற்றினாள். அப்போது வேறு தொல்லை வந்தது. பழைய கைபேசிகளில் பச்சைப் பட்டை கோட்டுக்கு மேலே ஏறி அதை மறைத்தது. தாய்மாரில் பாதிப் பேரிடம் அந்த மாதிரிக் கைபேசிதான். பல நாள் முட்டிப் பார்த்தும் பிடிபடவில்லை. எலிசியோவுக்கு எழுதினாள். முதலில் லைப்ரரிக்கு நன்றி, பிறகு ரோசினா ஓடிவந்த கதை, கடைசியில்தான் குறை.

மறுநாளே பதில் வந்திருந்தது. எங்களுக்கு வாசித்துக் காட்டினாள். அவர் பள்ளியில் கணக்கு வாத்தியார். மாணவர்கள் மழையளவை வரைந்து பார்க்கட்டும் என்றுதான் இதை எழுதினாராம். “ஒரு தாய் பார்ப்பாள் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. கொஞ்சம் பொறுங்கள், சரிசெய்கிறேன்” என்று முடித்திருந்தார். நெரெய்தா ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த வாரக் கடைசியில் சொன்னபடி சரிசெய்தும் கொடுத்துவிட்டார்.

புதிய வரைபடத்தை டாக்டர்களிடம் கொண்டுபோகும் முன் ரோசினாவுக்குத்தான் காட்டினாள். மகளை நெஞ்சோடு அணைத்துப் போர்த்தியபடி சாய்ந்திருந்த ரோசினா கைபேசியைக் கிட்டே வைத்துப் பார்த்தாள்.

“இது யாரு?”

“உன் பொண்ணுதான். அதே நாள், அதே எடை.”

பச்சைப் பட்டைக்குள் ஒரு சிறு பள்ளம். அதற்கப்புறம் கோடு மேலேறியிருந்தது.

“இவ்ளோதானாக்கா?” சிரித்தாள். உடனே கோபமும் வந்தது. “இத முதல்லயே காட்டித் தொலைச்சிருக்கலாம்ல? அன்னைக்கு மழையில என் செருப்பே அறுந்துபோச்சு!”

“தப்புதாம்மா, மன்னிச்சுக்கோ. நீ ஓடி வரலைன்னா எனக்கு இது தெரிஞ்சே இருக்காது” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள் நெரெய்தா. ரோசினா அந்தக் கையை விடவில்லை.

டாக்டர்கள் யாரும் வாயைப் பிளக்கவில்லை. தலைமை டாக்டரம்மா மட்டும், “கோட்டைக் கொஞ்சம் தடிமனாப் போடுங்க, அப்பாமாருங்க கண்ணாடி எடுத்துட்டு வர்றதில்ல” என்றார்.

டெல்ஃபினா வசந்த காலத்தில் வீட்டுக்குப் போனாள். நெரெய்தா வில்மாரிடம் தான் சொன்ன சொல்லுக்காக எலிசியோவோடு அந்த லைப்ரரியைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாத்தேயோடு உட்கார்ந்து, எங்கெங்கிருந்தோ வரும் கேள்விகளுக்குப் பதில் எழுதுவாள்.

மறுவருடம் ஒருநாள் நாங்கள் அலுவலகத்தில் இருக்கும்போது ரோசினா நெரெய்தாவைப் போனில் கூப்பிட்டாள்.

“அக்கா, கோச்சுக்காதீங்க. இந்த எடை பாக்கற ஆப்ப எப்படி எடுக்கறது? போன்ல எடமே இல்ல, பூரா டெல்ஃபினா போட்டோவா நெறஞ்சு கெடக்கு.”

எங்கே அழுத்த வேண்டும் என்று நெரெய்தா பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். போனை வைத்ததும் அந்தப் போட்டோக்களில் ஒன்று வந்தது. கன்னம் உப்பி, இரண்டு பல்லோடு ஒரு பெண் குழந்தை. அதை எங்கள் எல்லோருக்கும் காட்டிவிட்டு எலிசியோவுக்கு அனுப்பினாள்.