எட்டு யார் கில்ட்டும் கூடிப்போன ஓர் அடியும்

ஸ்கொட்லாந்து ஆண்கள் உடுக்கும் கில்ட்டை நான் கட்டத் தொடங்கியதற்கு என் மனைவிதான் காரணம். இதை அவள் இன்றுவரை ஒப்புக்கொள்வதில்லை.

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் நடுப்பகுதி. கனடாவின் மொன்ட்ரியால் நகரில், ரொக்ஸ்பரோ ரயில் நிலையத்துக்குக் கிட்ட ஒரு வாடகை வீட்டில் நானும் மனைவியும் எட்டு வயது மகளும் இருந்தோம். பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் எனக்குக் காலை வேலை. மனைவி கார்டரி என்ற குழந்தைகள் காப்பகம் ஒன்றில் பிள்ளைகளுக்குச் சமைப்பாள். வியாழக்கிழமை பின்னேரங்களில் பக்கத்துத் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எங்கள் தமிழ்ப் பாடகர் குழு கூடும். மொத்தம் ஒன்பது பேர். மனைவிதான் தலைவி. நான் டோலக் வாசிப்பேன்.

அந்த இலையுதிர்காலத்தில் எங்களுக்கு அடுத்த மண்டபத்தை வேறு யாரோ வாடகைக்கு எடுத்தார்கள். நாங்கள் திருப்பலியின் தியானப் பாடலைப் பழகிக்கொண்டிருந்தோம். மனைவி கண்ணை மூடிக்கொண்டு மேல் ஸ்தாயியைப் பிடிக்கப் போன நேரம், சுவருக்கு அந்தப் பக்கம் பத்துப் பன்னிரண்டு பாக்பைப்புகள், பையில் காற்றை நிரப்பி ஊதும் ஸ்கொட்லாந்துக் குழல்கள், ஒன்றாக அலறின. ஆர்மோனியப் பெட்டி அதிர்ந்தது. மனைவி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

“போய்ச் சொல்லிப்போட்டு வாங்கோ. கொஞ்சம் மெதுவா ஊதட்டாம்.”

போனேன். கதவைத் திறந்ததும் எல்லோரும் ஊதுவதை நிறுத்தினார்கள். சிவந்த முகமும் பெரிய கைகளுமாக ஒருவர் முன்னால் வந்தார். அவர்தான் குழுத் தலைவர், தொழிலால் தண்ணீர்க் குழாய் வேலைக்காரர். எனக்குத் தெரிந்த பாதி ஆங்கிலத்திலும் பாதிப் பிரெஞ்சிலும் விஷயத்தைச் சொன்னேன். அவர் மிகவும் மரியாதையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“மன்னிக்க வேண்டும். இந்த வாத்தியத்துக்கு மெதுவாக என்பதே கிடையாது. ஒன்று முழுச் சத்தம், இல்லாவிட்டால் மௌனம்.”

நான் அவர் முகத்தைப் பார்க்காமல் அவர் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தேன். மூலையில் ஒரு கதிரையின் மேல் பெரிய முரசு ஒன்று சும்மா கிடந்தது. மன்னாரில் படித்த காலத்தில் பள்ளிக்கூட பாண்ட் குழுவில் நான் நாலு வருடம் அடித்தது அதே மாதிரி முரசுதான். விளையாட்டுப் போட்டி அணிவகுப்பில் அதைச் சுமந்து சுமந்து என் இடது தோள் கொஞ்சம் இறங்கிவிட்டதாக அம்மா சொல்வார்.

“யார் அடிப்பது?” என்று கேட்டேன்.

“யாருமில்லை. அடித்தவர் வேலை கிடைத்துக் கல்கரிக்குப் போய்விட்டார்.” என் பார்வை போன இடத்தை அவரும் கவனித்துவிட்டார். “உங்களுக்குத் தெரியுமா?”

ஒரு முறை அடித்துப் பார்க்கிறேன் என்றுதான் சொன்னேன். அரை மணித்தியாலம் கழித்து மனைவி என்னைத் தேடிக்கொண்டு வந்தபோது முரசு என் நெஞ்சில் தொங்கியது. இரண்டு கையிலும் பஞ்சுத் தலைக் கோல்கள். என்னைச் சுற்றி வட்டமாக நின்று எல்லோரும் ஊதிக்கொண்டிருந்தார்கள்.

“சண்டை பிடிக்க அனுப்பினால் சேர்ந்து அடிக்கிறியளோ?” என்றாள். பாட்டு முடியும்வரை அவளும் நின்றுதான் கேட்டாள்.

அன்றே உடன்படிக்கை ஆகிவிட்டது. ஆறு மணி தொடங்கி ஏழு மணிவரை எங்கள் பாட்டு; அதன்பிறகு அவர்களுடைய ஊதல். நான் முதலில் இந்த அறை, பிறகு அந்த அறை.

ஊதல்காரர்கள் எல்லோரும் ஸ்கொட்லாந்துக்காரர்கள் என்று நினைத்திருந்தேன். அங்கே பிறந்தவர் ஒரேயொருவர்தான். எனக்குப் பக்கத்தில் சிறு மேளம் அடித்தவரின் குடும்பப் பெயர் ‘மக்’ என்று தொடங்கும். ஆனால் மனிதருக்கு ஆங்கிலம் சுத்தமாக வராது. பிரெஞ்சு மட்டும்தான். பழைய காலத்து யுத்தத்துக்கு ஸ்கொட்லாந்திலிருந்து வந்த போர்வீரன் ஒருவன், யுத்தம் முடிந்த பிறகு திரும்பிப் போகாமல் கியூபெக் கிராமம் ஒன்றில் பிரெஞ்சுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டானாம். அவன் வழியில் வந்தவர் இவர். பெயரும் முழங்காலும் மட்டும்தான் ஸ்கொட்லாந்து, மிச்சம் எல்லாம் கியூபெக் என்று சொல்லிச் சிரிப்பார். அவருக்கு என் பிரெஞ்சு விளங்கியது. அதனாலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

வசந்தத்தில் கில்ட் வந்து சேர்ந்தது. கல்கரிக்குப் போனவர் விட்டுச் சென்றது. ஆள் ஆறடிக்கு மேல். நான் ஐந்தடி நாலங்குலம். பச்சையும் கருநீலமும் கட்டம் போட்ட கம்பளித் துணி. கையில் வாங்கும்போதே பாரத்தில் கை இறங்கியது. வீட்டில் மனைவி அதை மேசையில் விரித்து அளவு நாடாவால் மடிப்பு மடிப்பாக அளந்தாள்.

“என்னப்பா இது, எட்டு யார் வருது! சீலையே ஆறு யார்தான்.”

“கட்டிப் பாப்பம்.”

இருவரும் சேர்ந்து கட்டினோம். ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. மறுபக்கம் முழுக்க மடிப்புகள். சீலைக்குக் கொய்யகம் முன்னாலேதானே வரும்? அவளுக்கு அதில் சந்தேகமே வரவில்லை. மடிப்பை முன்னுக்கு விட்டு, தட்டையைப் பின்னுக்கு விட்டு, வார்களை இழுத்துப் பூட்டினாள். மகள் கதவடியில் நின்று பார்த்துவிட்டு, “பப்பா, அது பாவாடை!” என்று பிரெஞ்சில் கத்திக்கொண்டு தன் அறைக்குள் ஓடினாள்.

அந்தக் கோலத்தில்தான் வியாழக்கிழமை போனேன். என்னைக் கண்டதும் ஒவ்வொருவராகத் தண்ணீர் குடிக்க வெளியே போனார்கள். கடைசியில் குழுத் தலைவர் என்னைத் தனியே கூப்பிட்டு, “நண்பரே, நீங்கள் எங்களை விட்டுப் பின்னோக்கி நடக்கப் போகிறீர்களா?” என்று கேட்டார். கதவுக்கு வெளியிலிருந்து சிரிப்பு வெடித்தது. நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

மடிப்பைப் பின்னுக்கு விட்டுத் திருப்பிக் கட்டிய பிறகும் அது கெண்டைக்கால்வரை வந்தது. மனைவி கீழ்க்கரையை மடித்துத் தைக்கத் தயாரானபோது, கில்ட்டின் கரையில் ஊசி படவே கூடாது என்று தலைவர் தொலைபேசியில் பதறினார். அவளுக்கு ரோசம் வந்துவிட்டது. இரண்டு இரவு இருந்து மேல் இடுப்புப் பட்டியைப் பிரித்து, நாலு அங்குலம் இறக்கி, மடிப்பு ஒன்றும் குலையாமல் திரும்பத் தைத்தாள். தலைவர் அதைக் கையில் எடுத்து உள்ளும் புறமும் பார்த்தார். அடுத்த வாரம் இன்னும் மூன்று பேர் தங்கள் கில்ட்டுகளோடு அவளைத் தேடி வந்தார்கள்.

ஓகஸ்ட் மாதம் ஸ்கொட்லாந்து விளையாட்டு விழா. பெரிய மைதானம் ஒன்றில் நீள மரக்கட்டையைத் தூக்கி எறிபவர்கள், மேடையில் துள்ளி ஆடும் சிறுமிகள், எங்கு பார்த்தாலும் கில்ட். வெயில் கொளுத்தியது. கம்பளிக்குள் என் தொடை இரண்டும் வெந்தன. மகள் என்னிலிருந்து பத்தடி தள்ளியே நடந்து வந்தாள். போகப் போகத் தகப்பன்மார் எல்லோரும் அதே கோலத்தில் நிற்பதைக் கண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்ட வந்தாள்.

போட்டிக்கு இரண்டு மணித்தியாலம் இருந்தது. ஸ்கொட்லாந்துக் குலங்களின் கூடாரங்கள் வரிசையாக நின்ற பக்கம் போனோம். ஒரு கூடாரத்தில் தடித்த புத்தகம் ஒன்றோடு வெள்ளைத் தலை அம்மா ஒருவர் இருந்தார். பெயரைச் சொன்னால் எந்தக் குலம், அந்தக் குலத்துக்குரிய கட்டத் துணி எது என்று பார்த்துச் சொல்வாராம். முன்னால் வரிசை. ஆர்ஜென்ரீனாவிலிருந்து வந்த ஒரு பெண், தன் பாட்டன்மார் தெற்கில் செம்மறி மேய்க்கப் போனவர்கள் என்றும் அங்கே இன்றும் ஸ்பானிய மொழி பேசிக்கொண்டே பாக்பைப் ஊதுகிறார்கள் என்றும் சொன்னாள். அவளுக்குப் பின்னால் நின்ற ஜமேக்காக்காரர் மொன்ட்ரியால்-நோரில் டாக்சி ஓட்டுபவர். அவரும் கில்ட் கட்டியிருந்தார்.

“கரும்புத் தோட்ட முதலாளியின் பெயர் இது. என் முன்னோர்களை அடிமையாக வைத்திருந்தவன்,” என்றார் எங்களிடம். “பெயரை எங்களிடம் கேட்காமல் தந்தான். துணியை நான் அவனிடம் கேட்காமல் எடுத்துக்கொண்டேன்.” சொல்லிவிட்டுப் பெரிதாகச் சிரித்தார். எனக்கு உடனே சிரிக்க வரவில்லை. அவர் என் தோளில் தட்டிய பிறகுதான் வந்தது.

என் முறை வந்தது. அம்மா என் குடும்பப் பெயரைக் கேட்டார். அது குடும்பப் பெயர் இல்லை, என் அப்பாவின் பெயர் என்றேன். அப்படியானால் அப்பாவின் குடும்பப் பெயர்? அது அவருடைய அப்பாவின் பெயர். அவர் பேனாவை மேசையில் வைத்தார்.

“ஒவ்வொரு தலைமுறையிலும் மாறுமா? பிறகு ஒருவரை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?”

“ஊருக்குள் போய் யாரிடமாவது கேட்டால் சொல்வார்கள்.”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, தங்கள் ஆட்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தார்கள் என்றார். ‘மக்’ என்றால் அவர்களுடைய பழைய மொழியில் மகன். இன்னாரின் மகன் என்று வைத்த பெயர் பிற்காலத்தில் அப்படியே உறைந்து குடும்பப் பெயராகிவிட்டதாம். நான் இதை மனைவிக்குத் தமிழில் சொன்னேன்.

“மக் எண்டால் மகனோ? பாத்தீங்களே, தமிழ்!” என்றாள் அவள்.

“சும்மா இருமப்பா.”

“இல்லை, நீங்கள் அவவுக்குச் சொல்லுங்கோ.”

சொன்னேன். அம்மா புன்னகையோடு தலையாட்டினார், ஆனால் புத்தகத்தில் எழுதிக்கொள்ளவில்லை. குலம் இல்லாதவர்களுக்கும் தடையில்லை, நான் கட்டியிருக்கும் குழுவின் துணியே எனக்குப் போதும் என்று சொல்லி அனுப்பினார்.

பிறகு போட்டி. ஐந்து குழுக்கள். நாங்கள் மூன்றாவது. அணிவகுத்து உள்ளே போய் வட்டமாக நின்றோம். நடுவர்கள் அட்டையும் பேனாவுமாக எங்களைச் சுற்றி நடந்தார்கள். எல்லாம் நன்றாகத்தான் போனது. முரசு அடிப்பவன்தான் தாளத்தைத் தளராமல் பிடிக்க வேண்டும், நான் பிடித்தேன். கடைசி வரிக்கு வந்துவிட்டோம். அந்த நேரம் நடுவர் ஒருவர் சரியாக என் முதுகுக்குப் பின்னால் நின்று எதையோ எழுதத் தொடங்கினார். பேனா கீறுவது எனக்குக் கேட்டது, அல்லது கேட்டதாக நினைத்தேன். என்ன எழுதுகிறார்? இதை யோசித்ததில் ஓர் அடி எண்ணுவது தவறிவிட்டது. பாக்பைப்புகள் எல்லாம் கத்தியால் வெட்டியதுபோல் ஒன்றாக நின்றன. மைதானம் அமைதியானது. அந்த அமைதிக்குள் நான் மட்டும் “டும்” என்று அடித்தேன்.

நல்ல பலமான அடி. தூரத்தில் ஒரு நாய் குரைத்தது.

யாருடைய முகத்தையும் பார்க்கத் துணியாமல் வெளியே நடந்தேன். முரசை இறக்கி வைத்துவிட்டு, தலைவரிடம் போய், “என்னால்தான் போயிற்று, மன்னியுங்கள். இனி வேறு ஆளைப் பாருங்கள்” என்றேன். மனதாரச் சொன்னேன்.

அவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். “போன வருடம் ஊதத் தொடங்க வேண்டிய இடத்தில் நான் தும்மினேன். எங்களுக்குக் கடைசி இடம். வியாழக்கிழமை ஏழு மணிக்கு வாருங்கள்.”

சிறுமேளக்காரர் பக்கத்தில் வந்து, “கவலைப்படாதே. இன்று முழுக்க நம் குழுவில் தெளிவாகக் கேட்டது அது ஒன்றுதான்,” என்றார் பிரெஞ்சில். மகளுக்கு அது விளங்கிவிட்டது. அவள் சிரித்த சிரிப்பில் எனக்கும் இறுக்கம் விட்டுப்போனது.

எங்களுக்கு நாலாம் இடம். ஐந்தாம் இடக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

பிறகு எல்லோரும் புல்லில் இருந்து சாப்பிட்டோம். ஆட்டின் ஈரலும் இருதயமும் அரைத்து ஓட்ஸ் போட்டு அவித்த ஹகிஸ் ஒரு தட்டு வந்தது. மனைவி ஒரு வாய் வைத்துவிட்டு, “நல்ல சாமான். மிளகாய்த் தூள் போட மறந்திட்டினம்” என்று கைப்பையிலிருந்து செத்தல் மிளகாய் இடித்த கட்டைச் சம்பல் போத்தலை எடுத்தாள். தலைவர் கரண்டியால் அள்ளிப் போட்டுச் சாப்பிட்டார். அவர் முகம் அதற்கு மேல் சிவக்காது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

வீடு திரும்பும் வழியில், தேங்காய்ப் பால் வேண்டும் என்று மனைவி தமிழ்க் கடை ஒன்றில் நிறுத்தச் சொன்னாள். உடுப்பு மாற்ற எனக்கு அலுப்பாக இருந்தது. அப்படியே இறங்கிப் போனேன். கடைக்குள் நாலைந்து பேர். கதைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கல்லாவில் இருந்த கடைக்காரர் என் தொப்பியைப் பார்த்து, முன்னால் தொங்கிய தோல் பையைப் பார்த்து, முழங்காலைப் பார்த்து, கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“என்ன அண்ணை, ஏதும் நேத்திக்கடனோ?”

இல்லை, முரசு அடிக்கிறேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கூடிப்போன அந்த அடியையும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிட்ட வந்தார்கள். ஒருவர் துணியைத் தொட்டுப் பார்த்து, குளிருக்கு நல்லது என்றார். இன்னொருவர் உள்ளே என்ன போடுவீர்கள் என்று கேட்கத் தொடங்க, மனைவி என்னைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

அடுத்த வியாழக்கிழமை கடைக்காரர் மண்டபத்துக்கு வந்தார். சும்மா பார்க்கத்தான் என்றார். ஊதிப் பார்க்கக் கொடுத்தார்கள். மூன்று கிழமை ஊதினார்; ஒரு சின்ன முனகலுக்கு மேல் வரவில்லை. “மூச்சு காணாது அண்ணை” என்று விட்டுவிட்டார். ஆனால் ஒவ்வொரு ஓகஸ்டிலும் கடையை ஒரு நாள் பூட்டிவிட்டு விழாவுக்கு வருவார். நான் அந்தக் குழுவில் ஏழு வருடம் அடித்தேன். ஒரு முறை எங்களுக்கு இரண்டாம் இடம்கூடக் கிடைத்தது.