ரீத்தா மாமியின் கைகளும் மாமாவின் காரும்

எங்கள் குடும்பக் குறிப்பேட்டில் என் தாய்மாமன் ததேயுஸின் பெயருக்கு நேரே, ‘குளச்சலில் வாடகைக் கார் ஓட்டியவர்’ என்று மட்டுமே இருக்கிறது. அது போதாது என்பதால் இதை எழுதிச் சேர்க்கிறேன். மருத்துவச்சி ஞானபாய் சொல்லக் கேட்டது, மாமி மறுக்கவில்லை.

மாமாவின் மனைவி ரீத்தா, கருவாட்டுக் கொட்டகையில் மீனுக்கு உப்பிடும் வேலை செய்தவர். உப்பு அவர் விரல்களைப் பிளந்திருந்தது. மாலைதோறும் மாமா அந்தக் கைகளை வெந்நீரில் கழுவி, ஈரம் ஒற்றியெடுத்து, தேங்காயெண்ணெய் தடவிவிடுவார். கடற்காற்று காரையும் விடவில்லை. எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மின்கம்பிகளின் முனைகளில் உப்பேறிப் பச்சைக் களிம்பு பூத்துவிடும், கார் கிளம்பாது.

மாமியின் முதல் இரண்டு பிள்ளைகளும் வீட்டுப் பிரசவத்தில் தங்கவில்லை. மூன்றாவதற்கு, வலி கண்டதும் நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்று ஞானபாய் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து மாமா தொலைச்சவாரி ஏற்கவில்லை. ஈரம் புகாதிருக்க, கம்பி முனைகளில் நாள்தோறும் கிரீஸை அள்ளி அப்பினார்.

கொல்லம் 1128, ஐப்பசி 19. மழைப் பகல். மாமியைப் பின்னிருக்கையில் ஏற்றியாயிற்று. கார் கிளம்பவில்லை. முன்புறம் கைப்பிடியைச் செருகிச் சுற்றியும் பயனில்லை. மாமா எஞ்சின் மூடியைத் திறந்து மேலும் கிரீஸ் எடுத்தார்.

“இன்னும் என்னத்துக்கு அப்புதிய?” என்றார் மாமி, பல்லைக் கடித்தபடி.

“தண்ணி கேறிரப்பிடாது, ஏட்டி.”

“உள்ள உப்ப வச்சிட்டு மேல தேச்சா போதுமா? என் கைய கழுவாம என்னைக்காவது எண்ணெ போட்டியளா?”

மாமாவின் கை அப்படியே நின்றது. இத்தனை நாளும் அவர் பச்சையின் மேலேயே பூசி வந்திருந்தார்.

ஞானபாய் ஓலைக்குடை பிடிக்க, மாமா கம்பிகளைக் கழற்றி, கிரீஸை வழித்தெறிந்து, முனைகளைச் செம்பு தெரியத் தேய்த்தார்.

“ஓய், நான் வண்டிக்குப் பேறு பாக்கவா, ரீத்தாளுக்குப் பாக்கவா?” என்று ஞானபாய் கத்தினார்.

மாமா முனைகளை உலரத் துடைத்து, இறுக்கிப் பூட்டிய பிறகே மேலே மெல்லிய பூச்சாகக் கிரீஸ் இட்டார். இரண்டாம் சுற்றில் எஞ்சின் பிடித்தது.

மாலை நாலேகாலுக்கு நெய்யூர் ஆஸ்பத்திரியில் குளோரி பிறந்தாள். செவிலி நீட்டிய பிறப்புச் சீட்டின் ஓரத்தில் மாமாவின் கறுத்த பெருவிரல் பதிந்துவிட்டது. அச்சீட்டை எதிர்ப்பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். பிள்ளையை வாங்கக் கை நீட்டியவரிடம், “கழுவீட்டு வாங்க” என்றார் மாமி.

மாமா மூன்று முறை கழுவினார். நகக்கண்ணில் கறுப்பு எஞ்சியிருந்தது. மாமி அந்தக் கைகளைச் சற்றுநேரம் பார்த்தார்.

“போதும். பிடிங்க.”