சிக்கந்தர் பாய் வாங்கி வந்த எண்ணெய்

விபத்துக்குள்ளான சிறுவர் மோட்டார் சைக்கிளின் காற்று வடிகட்டியில் எண்ணெய்ப் பூச்சு இல்லை, கார்புரேட்டருக்குள் மண்தூள் இருந்தது என்று மோட்டார் வாகன ஆய்வாளர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அறிக்கையின் நகலை நேற்று மதியம் சிக்கந்தர் பாய் குடும்பத்து வழக்கறிஞரின் அலுவலகத்தில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன். இரண்டே பக்கம். சிக்கந்தர் பாய்க்கு நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடித்த மறுநாள் அது வந்து சேர்ந்தது.

அவர் இறந்த செய்தி ஒரு புதன்கிழமை காலை வந்தது. மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து அவர் மனைவி ரஹ்மத் பேசினார். "அவுக போயிட்டாக. பேப்பர்ல அவுக கவனக்குறைவுன்னு போட்டிருக்கே, அதை எழுதுனது யாரு?" எழுதியவன் நான். ஞாயிறு மாலை காவல் நிலையத்தில் சொன்னதை அப்படியே வாங்கி, வேறு எவரிடமும் கேட்காமல், நான்கு பத்தி அனுப்பியிருந்தேன். "மெக்கானிக்கின் கவனக்குறைவால்" என்பது முதல் வரியிலேயே இருந்தது. அதை ரஹ்மத்திடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "அப்ப நீங்களே மாத்தி எழுதுங்க" என்றார்.

விருதுநகர் பஜாரில் பாயிடம் வண்டி விட்டவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் சனி, ஞாயிறுகளில் ஆலங்குளம் பக்கம் அவர் பார்த்த வேலை பலருக்குத் தெரியாது. பட்டாசு ஆலைக் குடும்பம் ஒன்று அங்கே மண்தடம் ஒன்றை நடத்துகிறது. வசதியான வீட்டுப் பிள்ளைகள் சிறிய மோட்டார் சைக்கிள்களை மேட்டிலும் பள்ளத்திலும் ஓட்டிப் பழகும் இடம். தரையெல்லாம் சுண்ணாம்பு கலந்த வெள்ளை மண். முன்னால் ஒரு வண்டி போனால் பின்னால் வருபவருக்குப் பாதை தெரியாது. அந்தத் தூள் இஞ்சினுக்குள் போகாமல் தடுப்பது உள்ளங்கை அளவு ஸ்பாஞ்சு ஒன்றுதான்.

போன வருடம் ஒரு ஞாயிறு முழுக்க அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஸ்பாஞ்சை மண்ணெண்ணெயில் அலசினார், பிறகு சோப்புத் தண்ணீரில். முறுக்கிப் பிழியவில்லை, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து அமுக்கினார். முறுக்கினால் ஒட்டு விட்டுப்போகுமாம். நிழலில் காயவைத்தார். காய்ந்ததும் பாலிதீன் பைக்குள் போட்டு, அதற்கென்றே விற்கும் பிசுபிசுப்பான எண்ணெயை ஊற்றி, எல்லாப் பக்கமும் ஊறும்வரை பிசைந்தார். "விருதுநகர்க்காரனுக்கு எண்ணெய் புரோட்டாதான் ருசி. இதுக்கும் அதே ருசிதான்" என்றார். கடைசியாக, ரஹ்மத்தின் பழைய வெள்ளைத் துப்பட்டியில் கிழித்த துண்டு ஒன்றை விரலில் சுற்றி, வடிகட்டியைத் தாண்டி இஞ்சினுக்குக் காற்று போகும் குழாயின் உள்பக்கம் துடைத்தார். துணி வெள்ளையாகவே வந்தது. அப்புறம்தான் வண்டியை விட்டார்.

அதற்குள் தடத்தின் சூப்பர்வைசர் இரண்டு முறை வந்து போனார். வழக்கு நடப்பதால் அவர் பெயரை எழுதவில்லை. "பாய், பிள்ளைக வரிசையா நிக்காக. நீங்க இங்கன மருதாணி அரைச்சிட்டு இருக்கீகளே" என்றார். பாய் தலையைத் தூக்கவில்லை. "வண்டி ஓடலைன்னா பிள்ளை அளும் அண்ணாச்சி. நிக்கலைன்னா நாம அளணும்."

வண்டி எப்படி நிற்காமல் போகும் என்று அப்போது நான் கேட்டேன். தூள் உள்ளே போய்ச் சேர்ந்தால், ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் கார்புரேட்டருக்குள் காற்று வழியைத் திறந்து மூடும் அடைப்பு திறந்தபடியே சிக்கிக்கொள்ளும், வேகம் குறையாது என்றார். பெரியவர்கள் என்றால் சமாளிப்பார்கள். பிள்ளைக்குக் கை விறைத்துப் போகும்.

அந்தச் சூப்பர்வைசர் பல வருடம் பட்டாசு ஆலையில் மருந்து அறைப் பக்கம் இருந்தவர். எண்ணெய்க் கை, ஈரக் கை எதுவும் அங்கே ஆகாது. எல்லாம் துடைத்து, உலர்ந்து, சுத்தமாக இருக்க வேண்டும். அந்தப் பழக்கம் அங்கே பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கும். அதே பழக்கத்தில் ஒரு திங்கட்கிழமை, பாய் இல்லாத நேரத்தில், எல்லா வண்டிகளின் ஸ்பாஞ்சையும் கழற்றி, எண்ணெய் போகச் சோப்புப் போட்டு, காயவைத்து மாட்டச் சொன்னார். அந்த வார ஓட்டங்களுக்கு வண்டிகள் பார்க்கப் பளிச்சென்று இருக்க வேண்டுமாம். அந்த வாரம் முழுக்க வண்டிகள் அந்த ஸ்பாஞ்சோடு ஓடின. "எண்ணெயில தூசி ஒட்டும்ல சார், நாங்க சுத்தமாத்தான வச்சிருந்தோம்" என்று என்னிடம் சொன்னார். ஒட்டும். தூசி அதில் ஒட்டவேண்டும் என்பதற்காகத்தான் அந்த எண்ணெய்.

இதுவரை நடந்ததைத் தெரியாமல் செய்த தவறு என்று ஏற்றுக்கொள்வேன். இதற்குப் பின் நடந்ததை ஏற்க முடியாது. அந்தச் சனிக்கிழமை வந்த பாய் ஒரு வண்டியின் குழாயைத் துடைத்தார். துணி சாம்பல் நிறத்தில் வந்தது. எண்ணெய் டப்பா காலி. புது எண்ணெய் வாங்க மதுரைக்குப் புறப்படும் முன் சூப்பர்வைசரின் கைபேசிக்கு அவர் அனுப்பிய குரல் பதிவை ரஹ்மத் எனக்குப் போட்டுக் காட்டினார். "அண்ணாச்சி, ஒரு வண்டியையும் வெளியே எடுக்காதீக. ஸ்பாஞ்சுல எண்ணெய் இல்ல, தூள் உள்ள போயிருக்கு. நாளைக்கு வந்து எல்லாத்தையும் கழத்திச் சுத்தம் பண்ணிக் குடுக்கேன்." அனுப்பிய ஒரு மணி நேரத்துக்குள் அது கேட்கப்பட்டிருக்கிறது. பிறகு ஏன் வண்டியை எடுத்தீர்கள் என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். "மொதலாளி வீட்டு விருந்தாளிக வந்திருந்தாக சார்." உரிமையாளர் குடும்பத்துக்கு மூன்று முறை கேள்வி அனுப்பினேன். பதில் இல்லை.

ஞாயிறு காலை பாய் வாசலுக்குள் நுழைந்தபோது, பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் வண்டி வேகம் குறையாமல் கல் சுவரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. இஞ்சினை நிறுத்தும் சுவிட்சு அவள் நினைவுக்கு வரவில்லை. பாய் குறுக்கே ஓடி அவளைப் பிடித்து வெளியே தள்ளினார். வண்டி அவரைச் சுவரோடு சேர்த்து அடித்தது. சிறுமிக்கு முழங்கையில் சிராய்ப்பு. "அவுக கையில பை இருந்துச்சு, அதைக் கீள போடக்கூட இல்ல" என்றார் அவள் தாய். பைக்குள் இருந்தது புது எண்ணெய் டப்பா. ஆஸ்பத்திரியில் அதை ரஹ்மத்திடம் கொடுத்தார்கள். இன்னும் மூடி திறக்கவில்லை. காவல்துறையின் பொருள் பட்டியலில் அது இல்லை.

அந்தப் பட்டியலைத் தயாரித்தவர்கள் குற்றம் சாட்டப்பட்டவராக எழுதியது சிக்கந்தர் பாயை. இறந்தவர் மேல் வழக்கை வைத்தால், வழக்கும் அவரோடு முடியும். தடம் இரண்டே வாரத்தில் மறுபடி திறந்துவிட்டது.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தத் துப்பட்டியில் கிழித்த, இன்னும் எதையும் துடைக்காத ஒரு துண்டு. ரஹ்மத் கொடுத்தார். காவல் நிலையத்துச் செய்தி வரும் தொலைபேசிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

குரல் பதிவு ஆய்வகத்துக்குப் போயிருக்கிறது. பாயின் பெயரை நீக்கக் கோரும் ரஹ்மத்தின் மனு விசாரணை அதிகாரியிடம் இருக்கிறது. இறுதி அறிக்கையை அடுத்த மாதம் இரண்டாம் வாரத்துக்குள் நீதிமன்றத்தில் கொடுத்துவிடுவதாக அவர் என்னிடம் சொன்னார். யார் பெயர் இருக்கும் என்று கேட்டதற்கு, அதை இப்போது சொல்ல முடியாது என்றார். இன்று காலை நான் பார்த்தவரை, முதல் தகவல் அறிக்கையில் மாறாமல் இருக்கிறது சிக்கந்தர் பாயின் பெயர்.